கிணற்றடியிற் கற்ற வேதம்

இயற்கையை இறைவன் விரித்து வைத்த ஏடாகக் காணும் மரபு சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. கிறிஸ்தவ சமயத்திலும் அம்மரபு ஆழ வேரூன்றியுள்ளது. ஞாயிறுதோறும் ஆலயங்களில் நிகழும் அருளுரைகளைக் கேட்போர் இதனை நன்கறிவர். எறும்பு உழைப்பைக் கற்பிக்கின்றது. மெழுகுதிரி தியாகத்தைக் கற்பிக்கின்றது. பனை வள்ளன்மையைக் கற்பிக்கின்றது. விடியல் நம்பிக்கையைக் கற்பிக்கின்றது. கேட்போர் தலையசைக்கின்றனர். எனினும், ஆலயத்தை விட்டு வீதிக்கு வருமுன்னரே அவ்வுரை மறந்துபோகின்றது. இதற்குக் கேட்போரின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. பொருளை முழுமையாகப் பார்க்குமுன்னரே அதிலிருந்து பாடத்தைப் பறித்துக்கொள்ளும் அவசரமும் ஒரு காரணமாகும். எறும்பின் வாழ்க்கையை ஒரு நாழிகையேனும் குனிந்து பார்த்திராத ஒருவர் எறும்பைப் பற்றிப் போதிக்கும்போது, போதகர் முன்னரே அறிந்து வைத்திருந்த நீதியே எறும்பின் பெயரால் மீண்டும் ஒலிக்கின்றது. அன்றாட வாழ்விலும் இயற்கையிலும் விசுவாசத்துக்குரிய பாடங்கள் உள்ளனவா, உள்ளனவாயின் அவற்றைக் கற்கும் முறை யாது என்னும் வினாக்கள் இந்நிலையிலேதான் எழுகின்றன.

நசரேத்தூர் இயேசு இவ்வினாக்களுக்குத் தம் உவமைகளாலேயே விடை தந்துள்ளார். அவருடைய உவமைகளிற் பெரும்பாலானவை வீட்டிலும் வயலிலும் கடற்கரையிலும் பிறந்தவை. விதைப்பவன், புளித்த மா, வலை, விளக்கு, காணாமற்போன வெள்ளிக்காசு, பழைய ஆடையிற் போட்ட ஒட்டு என்பனவே அவர் கையாண்ட பொருள்கள். இவற்றுள் ஒன்றையேனும் அவர் தாம் கூறவந்த கருத்துக்காக வளைக்கவில்லை. கோடி வேட்டித் துண்டொன்றைப் பழைய ஆடையில் ஒட்டுப் போட்டால், நனைந்து உலரும்போது புதுத்துண்டு சுருங்கிப் பழைய துணியையும் சேர்த்துக் கிழித்துவிடும். இதனைத் தையலூசி பிடித்த பெண்கள் அனைவரும் அறிவர். வலை நல்ல மீனையும் ஆகாத மீனையும் பிரித்துப் பார்த்து அள்ளுவதில்லை. தெரிவு கரையிலேதான் நிகழும். இதனை மீனவர் அறிவர். பொருளின் இயல்பு முதலில் உண்மையாயிருந்தது. அதன்பின்னரே பாடம் உண்மையாயிற்று. கேட்டவர்கள் தங்கள் தொழிலறிவைக் கொண்டே அவருடைய சொல்லை எடைபோட முடிந்தது.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இம்முறை புதியதன்று. ஒரு நிலத்தின் மரமும் புள்ளும் விலங்கும் தொழிலுமாகிய கருப்பொருள்களை மட்டும் கூறி, அவற்றினுள்ளே மனித உள்ளத்தின் செய்தியை அமைத்து வைப்பதை உள்ளுறை உவமம் என்பர். கருப்பொருள்களுள் தெய்வமும் அடங்குமெனினும், உள்ளுறையை அமைக்குமிடத்துத் தெய்வத்தை நீக்கி ஏனையவற்றையே கொள்ளவேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டும் நெறி. இயேசுவின் உவமைகளுக்கும் இந்நெறிக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும், அவற்றை அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். இறைவனைப் பற்றிப் பேச வந்த அவ்வுவமைகளிற் பெரும்பாலானவற்றில் இறைவன் பெயர் வருவதேயில்லை. வயல் இருக்கின்றது, விதை இருக்கின்றது, வீட்டைப் பெருக்கித் தேடும் பெண் இருக்கின்றாள்; இறைவனைக் காணோம். அவனைக் கண்டுகொள்ளும் பொறுப்புக் கேட்பவரிடம் விடப்பட்டுள்ளது. பாடத்தை முந்திச் சொல்லிவிடும் போதகர் அப்பொறுப்பைக் கேட்பவரிடமிருந்து பறித்துக்கொள்கின்றார்.

அவ்வாறாயின், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவன் எதனைப் பார்க்கவேண்டும்? அமெரிக்க மிசனறிமார் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினறியை நிறுவினர். அவர்களாற் கல்வி வளர்ந்தது. அச்சும் மருத்துவமும் வளர்ந்தன. ஆயினும், அவர்களது நூல்களின் வழியே பனிபொழியும் குன்றுகளும் இலையுதிர் காலத்துச் சோலைகளும் கூட வந்தன. தெல்லிப்பழையிற் பிறந்து உலகத் திருச்சபை அரங்கிற் புகழ்பெற்ற டி. ரி. நைல்ஸ் (1908-1970) இதுபற்றிக் கூறியதாக ஓர் உவமை வழங்குகின்றது. சுவிசேஷம் ஒரு விதை. மேலைநாட்டார் அதனைத் தங்கள் மண் நிரப்பிய சாடியில் வளர்ந்த செடியாகவே கொண்டுவந்தனர். இனிச் சாடியை உடைத்துச் செடியை உள்ளூர் மண்ணில் நடவேண்டும் என்பது அதன் கருத்து. சாடியை உடைத்தல் என்பது பாட்டின் இராகத்தை மாற்றுவதோடும் ஆலயத்திற் குத்துவிளக்கு ஏற்றுவதோடும் முடிந்துவிடும் செயலன்று. உள்ளூர் மண்ணைத் தோண்டிப் பார்க்கவும் வேண்டும். யாழ்ப்பாணத்து மண்ணைத் தோண்டுவோர் சுண்ணக்கல்லையும், அதன்கீழ்க் கிணற்று நீரையுமே காண்பர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் வறண்டுவிடும். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிப்பதற்கும் மக்கள் காலங்காலமாகக் கிணற்றையே நம்பி வாழ்ந்தனர். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. நாற்புறமும் கடல் சூழ்ந்த அந்நிலத்தின் அடியிற் கடல்நீரும் புகுந்திருக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்தது. ஆதலின் அது உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமிடத்தில், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கூறும் கணக்கு. புத்தூரையண்டிய நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வமைப்பின் வெளிப்படையான சான்றாகும். ஒரு குடம் தண்ணீர் அள்ளும் பெண் உப்பின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய கொடையிலிருந்தே அள்ளுகின்றாள்.

இயேசு நடந்த நாடும் பெருமளவிற் சுண்ணக்கல் நாடே. அங்கும் மழை ஆண்டின் ஒரு பருவத்திலேயே பெய்யும். மக்கள் பாறையைக் குடைந்து தொட்டிகள் அமைத்து மழைநீரைச் சேமித்தனர். சமாரியாவில் யாக்கோபின் கிணறு எனப்படுவது 100 அடிக்கும் மேற்பட்ட ஆழமுடையது, இன்றும் நீருள்ளது. ஆதலின், வேதாகமம் தண்ணீரைப் பற்றிப் பேசும் இடங்களை, ஆறு பெருகும் நாட்டாரைவிடக் கிணற்றை நம்பி வாழ்வோர் சிறிது அண்மையில் நின்று விளங்கிக்கொள்ள முடியும். நல்லோர்மீதும் தீயோர்மீதும் இறைவன் மழையைப் பெய்யச் செய்கின்றான் என இயேசு மலைப்பொழிவிற் கூறுகின்றார். குளிர்நாடுகளில் இதனைச் சிலர் துன்பம் எல்லோர்க்கும் பொது என்னும் பொருளில் எடுத்தாள்வதுண்டு. அங்கு மழை ஒரு தொல்லை. கார்த்திகை மழைக்காக வானத்தைப் பார்த்திருக்கும் தோட்டக்காரனுக்கு அத்தகைய ஐயம் எழாது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவரின் வைப்புமுறையை அறிந்த தமிழனுக்கும் எழாது. பகைவனின் தோட்டத்திலும் தன் தோட்டத்திலும் ஒரே நாளில் மழை பெய்கின்றது. பகைவனையும் நேசி என்னும் கட்டளைக்கு இயேசு காட்டிய சான்று அதுவே.

மோசேயின் ஐந்தாம் நூலாகிய உபாகமத்தின் பதினோராம் அதிகாரத்தில் இதனோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. இஸ்ரவேலர் விட்டுவந்த எகிப்து, கீரைத்தோட்டத்துக்குப் போலக் காலால் நீர் பாய்ச்சவேண்டிய நாடு என்றும், அவர்கள் செல்லும் நாடு வானத்து மழையைக் குடிக்கும் நாடு என்றும் அங்கு கூறப்படுகின்றது. காலால் நீர் பாய்ச்சுதல் என்னும் தொடருக்கு உரையாசிரியர்கள் பலவாறு விளக்கம் கூறுவர். துலாவைக் கண்ட யாழ்ப்பாணத்தார்க்கோ அத்தொடர் கண்முன் நிற்கும் காட்சி. நீரிறைக்கும் இயந்திரம் பரவுமுன்னர் தோட்டக் கிணறுகளில் ஆடுகாலின்மேல் நீண்ட துலா பூட்டப்பட்டிருந்தது. துலாவின்மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். தோட்டத்தில் நிற்பவர் மண்வெட்டியால் வரம்பை வெட்டியும் கட்டியும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கும் இவ்வுழைப்பு வெயில் ஏறும்வரை நீளும். கால் தவறினால் உயிருக்கே கேடு.

துலா மிதிப்பவரின் உழைப்பை ஒருவரும் குறைத்து மதிப்பிடல் இயலாது. அவர் மிதிக்காவிடின் பயிர் வாடிவிடும். ஆயினும், ஆண்டாண்டு காலம் மிதித்தாலும் ஒரு துளி நீரையேனும் அவர் புதிதாக உண்டாக்குவதில்லை. முந்திய மாரி நிலத்தினுள்ளே வைத்துச் சென்றதை அவர் மேலே கொண்டுவருகின்றார், அவ்வளவே. கிருபையா, கிரியையா மனிதனை மீட்கும் என்னும் வினா திருச்சபை வரலாற்றிற் பெரும் பிளவுகளுக்குக் காரணமாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அது இரண்டுபடுத்தியது. அவ்விவாதத்தின் நுட்பங்களைக் கிணற்றடியில் தீர்த்துவிடலாம் என்று கூறுவது மிகையாகும். எனினும், உழைப்பும் கொடையும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல என்பதையும், கொடை முந்தியது, உழைப்பு பிந்தியது என்பதையும் துலாவில் ஏறிய எவரும் தம் காலாலேயே அறிந்திருந்தனர். மழை பெய்துவிட்டதே என்று வீட்டில் இருந்தவரும் பசித்தார். மழையை மறந்து தன் காலின் வலிமையை மட்டும் நம்பியவரும் கோடையில் அடிச்சேற்றைக் கண்டார்.

எண்ணெயால் இயங்கும் இயந்திரங்கள் வந்தபின் இவ்வறிவு மங்கத் தொடங்கியது. துலாவுக்கு ஓர் எல்லையுண்டு. மிதிப்பவரின் களைப்பே அவ்வெல்லை. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், முன்னர் கூறிய கணக்கின்படி, கீழேயுள்ள உவர்நீர் பல அடி மேலெழும். கரையோரக் கிராமங்களிற் கிணறுகள் சில உவர்த்துப் போனமைக்கு மிகையாக இறைத்தமையும் ஒரு காரணமாகும். பாலைநிலத்தில் இஸ்ரவேலர்க்குக் கிடைத்த மன்னா அன்றன்றைக்குப் போதுமானதாக இருந்தது. நாளைக்கென்று சேர்த்து வைத்தது புழுத்து நாறியது. கிணற்றில் அதே நியதி உப்பின் வடிவில் நிகழ்கின்றது. மேலும், ஒருவர் தம் நிலத்தில் இடும் மிகையான உரமும் அவரது மலசலகூடக் குழியின் கழிவும் அவருடைய வேலியோடு நின்றுவிடுவதில்லை. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளமையை ஆய்வாளர் பலகாலமாக எடுத்துக்காட்டி வருகின்றனர். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கிலே நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. ஓரிடத்திற் சிந்தியது பலர் வீட்டுக் கிணற்றிற் கலந்தமைக்கு நிலத்தடி நீரின் தொடர்பே காரணம்.

இங்கேதான் கிணறு தன் கடினமான பாடத்தைத் தொடங்குகின்றது. மேலே கிடுகு வேலியும் கதியால் வேலியும் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தன. கீழே தண்ணீர் ஒன்றாகவே இருந்தது. அந்த ஒரே தண்ணீரை அள்ளும் உரிமை மட்டும் ஒன்றாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட சாதியினர் எனப்பட்டோர் உயர்சாதியினர் எனப்பட்டோரின் கிணற்றில் அள்ளமுடியாது. அவர்கள் குடத்தோடு கிணற்றுக் கட்டுக்கு வெளியே நின்று, யாரேனும் வந்து ஊற்றும்வரை காத்திருக்கவேண்டும். ஊற்றுபவர்க்கு நேரமில்லையெனிற் காத்திருப்பு நீளும். இவ்வழக்கம் சைவ வீடுகளோடு நின்றதன்று. ஞாயிறு தவறாது ஆலயம் சென்ற கிறிஸ்தவ வீடுகளிலும் அது இருந்தது. ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பாடிவிட்டு வீடு திரும்பியோர் கிணற்றடியிற் காத்து நின்றவர்களைக் கடந்தே உள்ளே சென்றனர்.

வலிகாமத்துக் கிராமமொன்றில் வாழ்ந்த கிறிஸ்தவத் தோட்டக்காரர் ஒருவரையும் அவர் மனைவியையும் பற்றி அவ்வூரில் வழங்கும் ஒரு செய்தி ஈண்டு குறிப்பிடத்தக்கது. அது 1960களில், மாரி பொய்த்த ஓராண்டிலே நிகழ்ந்தது. ஊரிற் பல கிணறுகள் வற்றிவிட, அவர்கள் வீட்டுக் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. காலையும் மாலையும் பெண்கள் நால்வர் ஐவர் குடங்களோடு கட்டுக்கு வெளியே நின்றனர். வீட்டுக்கார அம்மா இரக்கமுள்ளவர். வேலைகளுக்கிடையில் வந்து ஊற்றுவார். தாம் அன்பாகவே நடப்பதாக அவர் எண்ணியிருந்தார். ஒருநாள் இரவு, வீட்டு ஜெபத்தின்போது, கணவர் யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தை வாசித்தார். களைத்துப்போன இயேசு யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்திருக்க, தண்ணீர் அள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் அவர் தாகத்துக்குக் கேட்கின்றார்; யூதர் சமாரியரோடு புழங்குவதில்லையாதலால் அவள் திகைக்கின்றாள்; கிணறோ ஆழம், மொண்டுகொள்ள அவரிடம் பாத்திரமில்லை என்கின்றாள். எத்தனையோ முறை வாசித்த பகுதி. வாசித்து முடிந்ததும் ஜெபத்துக்குக் கண்மூடாமல் மனைவி கேட்டாராம்:

"இஞ்சருங்கோ, அந்தக் கிணத்தடியிலை வாளியில்லாமல் இருந்தது ஆண்டவரல்லோ? எங்கடை கிணத்தடியிலை வாளியில்லாமல் நிக்கிறது ஆர்?"

கணவர் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை அவர் கிணற்றடிக்குச் சென்று, கட்டுக்கு வெளியே நின்ற பெண்களைப் பார்த்து, "பிள்ளையள், வந்து நீங்களே அள்ளுங்கோ" என்றார். முதலில் ஒருவரும் அசையவில்லை. கயிற்றைத் தொட்டாற் பின்னர் என்ன நேரும் என்று அவர்கள் அவரைவிட நன்கறிந்திருந்தனர். ஒரு கிழமை கழிந்த பின்னரே வயதில் மூத்த பெண்ணொருத்தி கட்டில் ஏறிக் கயிற்றைப் பிடித்தாள். செய்தி ஊரெங்கும் பரவியது. அவருடைய தமையனார் வந்து படலையடியில் நின்றே பேசினார்.

"தம்பி, தலைமுறை தலைமுறையா இல்லாத வழக்கம் உனக்கேன்? குமர்ப்பிள்ளையை வீட்டிலை வைச்சுக்கொண்டு செய்யிற வேலையே இது?"

"கீழை தண்ணி ஒண்டுதானே அண்ணை. கட்டு மேலைதானே நாங்கள் கட்டினது."

அதன்பின் தமையன் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. மகளுக்குப் பேசிவந்த சம்பந்தமொன்று காரணம் கூறப்படாமலே நின்றுபோயிற்று. ஆலயத்தில் அவர்கள் அமரும் வாங்கிற் சில மாதங்கள் வேறெவரும் அமரவில்லை. அத்தம்பதியினர் இதனை ஒரு சாதனையாக எவரிடமும் கூறியதில்லை என்பர். அவர்கள் செய்தது முழுமையான மாற்றமுமன்று. கிணற்றுக் கட்டில் ஏறியவர்கள் அவ்வீட்டு விறாந்தையில் ஏறுவதற்கு இன்னும் பல்லாண்டுகள் சென்றன. எனினும், அவர்கள் கற்ற பாடத்துக்கும் ஆலயத்திற் கேட்டு மறந்துபோகும் பாடத்துக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. தம் கிணற்றை அவர்கள் முதலிற் கிணறாகவே பார்த்தனர்: யார் அள்ளுகின்றனர், யார் நிற்கின்றனர், தண்ணீர் எங்கிருந்து வருகின்றது. அப்பார்வை வேதாகமத்தின் பக்கத்தைத் திறந்தது. பக்கம் மீண்டும் கிணற்றடியைத் திறந்தது. அதற்குரிய விலையையும் அவர்கள் கொடுத்தனர்.

இத்தகைய விழிப்பு ஒரு வீட்டோடு நின்றதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். 1924இல் மாணவர் காங்கிரஸ் என்னும் பெயரில் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் தீண்டாமையை வெளிப்படையாக எதிர்த்தது. அதன் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவச் சூழலிற் பிறந்து வளர்ந்தவர். அவ்வியக்கத்தின் அழைப்பின்பேரிலேயே 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். சாதி காரணமாகச் சமூகக் குறைபாடுகளை விதிப்பதைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. ஆயினும், சட்டம் வந்து பத்தாண்டுக்கு மேலாகியும், 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாயிலின்முன் மக்கள் போராடவேண்டியிருந்தது. இவ்வரலாற்றில் இயக்கங்களும் சட்டமும் ஆற்றிய பணி பெரிது. திருச்சபையின் பங்கோ இருமுகமானது. கல்விக்கூடங்களை அது பலருக்குத் திறந்துவிட்டது. வாங்குகளில் யார் எங்கே அமர்வது என்னும் வழக்கைப் பல இடங்களில் நெடுங்காலம் பொறுத்துக்கொண்டது. இயற்கையிலிருந்து பாடம் கற்பிக்கப் புறப்படும் சபை, அவ்வியற்கை தன்னைப் பற்றிக் கூறும் சாட்சியத்தையும் கேட்கவேண்டும்.

இவ்விடத்திலே ஒரு மறுப்பு எழக்கூடும். இயற்கை அன்பையும் ஒருமையையும் மட்டுமா கற்பிக்கின்றது? அது கொல்லவும் செய்கின்றதே? 2004 டிசெம்பர் 26ஆந் திகதி, கிறிஸ்மஸுக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை எழுந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடும்பங்கள் குடும்பங்களாக அழிந்தன. வணங்கியோரும் வணங்காதோரும், பாலரும் முதியோரும் ஒரே அலையில் மாண்டனர். இதிலிருந்து கற்கத்தக்க பாடம் யாது என்று கேட்டவர்க்கு, மக்கள் செய்த பாவத்தின் தண்டனை எனச் சிலர் விரைந்து விடை கூறினர். அவசரப் பாடத்தின் கொடுமை இதனினும் வெளிப்படையாகத் தோன்றும் இடம் வேறில்லை.

லூக்கா சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் அவ்விடையை முன்னரே மறுத்துள்ளது. சீலோவாமிற் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரிலும் பெரிய குற்றவாளிகளென எண்ணுகின்றீர்களா என வினவும் இயேசு, தாமே அதற்கு இல்லையென விடை கூறுகின்றார். இறந்தவர் ஏன் இறந்தனர் என அவர் விளக்கவில்லை. உயிரோடிருப்பவர் தம் வாழ்வைத் திருப்பிக்கொள்ளவேண்டும் என்று மட்டும் கூறுகின்றார். மீனையும் விதையையும் கண்ட இடமெல்லாம் உவமை கூறியவர், இடிந்த கோபுரத்தை உவமையாக்கவில்லை. சில நிகழ்ச்சிகளின்முன் பாடம் கூறாதிருப்பதும் விசுவாசமே.

பேரலை ஓய்ந்தபின் கீழ்க்கரையின் கிணறுகளிற் கடல்நீர் நிறைந்திருந்தது. அவற்றை விரைந்து தூய்மையாக்கும் நல்லெண்ணத்தோடு இயந்திரங்கள் வைத்து இறைத்தனர். அளவு மீறி இறைத்த இடங்களிற் கீழிருந்த உவர்நீரும் மேலெழுந்தது; முயற்சியே கேட்டைக் கூட்டியது. அளவோடு இறைத்து, மழை பெய்து, உப்பு மெல்ல மெல்லக் கழுவப்படும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அதுவரையில் வெளியிலிருந்து தாங்கிகளிற் கொண்டுவந்த தண்ணீரையே மக்கள் வரிசையில் நின்று பெற்றனர். துயருற்றவரின் உள்ளத்திலிருந்து துயரத்தை வலிந்து இறைத்துவிட முனையும் ஆறுதலாளர்க்கு இதனினும் சிறந்த எச்சரிக்கை கிடைப்பதரிது. அவர்கள் செய்யத்தக்கது, கிணறு மீளும்வரை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதே.

முடிவாக நோக்குமிடத்து, அன்றாட வாழ்விலும் இயற்கையிலும் விசுவாசத்தின் பாடங்கள் உண்டு என்பதில் ஐயமில்லை. அவற்றைப் பெறுவதற்கு மூன்று கடன்கள் உள. பொருளை அதன் இயல்போடு பொறுமையாகப் பார்த்தல் முதலாவது. பாடம் கூறத்தகாத இடத்தில் வாய்மூடி நிற்றல் இரண்டாவது. கற்ற பாடம் தன் வீட்டு வழக்கத்தைத் தொடும்போது அதனைத் தொடவிடுதல் மூன்றாவது. மூன்றாவதே அரிது. மழையைக் கண்டு இறைவனின் கொடையைப் புகழ்வது எளிது. அக்கொடை நிறைந்த கிணற்றின் கயிற்றை இன்னொருவர் கையிற் கொடுப்பதிலேதான் அப்புகழ்ச்சியின் உண்மை புலனாகும். இற்றைநாளிற் குழாய்நீரும் போத்தல்நீரும் வந்துவிட்டன, துலாக்கள் மறைந்துவிட்டன. கட்டுக்கு வெளியே நிற்போர் மறைந்துவிடவில்லை. வேலைத்தலத்திலும் திருமணப் பேச்சிலும் கல்விக்கூடத்திலும் சபையின் நிருவாகக் குழுவிலும் அவர்கள் இன்னும் யாரேனும் வந்து ஊற்றுவரெனக் காத்து நிற்கின்றனர். அவர்களை நோக்கித் திரும்பும் கண்ணுக்கே இயற்கை என்னும் ஏடு பொருள் தரும்.